கடற்கரையில் ராஜா, கடினபந்தில் முட்டை: மனதை எப்படித் தயார் செய்வது?

உப்புவெளிப்பொடியன்:

வணக்கம் அண்ணாமார், அக்காமார். எனக்கு 17 வயது, திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து கடற்கரையில் மென்பந்துக் கிரிக்கெட் (டெனிஸ் பந்தில்) விளையாடுகிறவன். பெருமைக்குச் சொல்லவில்லை, எங்கள் பக்கத்து டோர்னமென்ட்களில் நான் நிற்கும்வரை எதிரணிப் பொடியன்கள் சிரிக்க மாட்டார்கள். போன வருடம்தான் பாடசாலைக் கடினபந்து அணியில் சேர்ந்தேன். இதுவரை 9 இன்னிங்ஸ், அதில் 3 முட்டை (ஒரு ஓட்டமும் எடுக்காமல் அவுட்), ஆகக் கூடியது 14.

நெட்ஸில், அதாவது வலைப் பயிற்சியில், ஒரு பிரச்சினையும் இல்லை. மெட்ச்சில் கோட்டுக்குள் போய் நின்றதும் வாய் காய்ந்துவிடுகிறது, கையுறைக்குள் வியர்வை, பந்து வீசுகிறவன் ஓடி வர ஓடி வர உள்ளே ஒரு குரல் "இந்தப் பந்தில் போகப் போகிறாய்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. போன மெட்ச்சில் இரண்டாவது பந்து, ஓப் ஸ்டம்புக்கு ஒரு அடி வெளியே போனதைத் துரத்திப் போய்க் கீப்பரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அதே மாதிரிப் பந்தை நெட்ஸில் நூறு தடவை விட்டிருப்பேன்.

அப்பா தொழிலுக்குப் போகாமல் அன்று மெட்ச் பார்க்க வந்திருந்தார். திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளில் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அடுத்த மாதம் மாவட்ட 19 வயதுக்குட்பட்ட அணித் தெரிவு இருக்கிறது. வீடியோக்களில் எல்லாரும் "உன்னை நம்பு" என்கிறார்கள். எப்படி நம்புவது என்று ஒருவரும் சொல்வதில்லை. விளையாடினவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பழையகீப்பர்:

தம்பி, முதலில் ஒன்றை உனக்கு நீயே கேட்டுப் பார். உனக்குப் பயம் பந்து பட்டுவிடும் என்றா, அவுட்டாகிவிடுவோம் என்றா? இரண்டும் வேறு நோய், மருந்தும் வேறு. பொடியன்கள் முதலாவதைச் சொல்ல வெட்கப்பட்டு இரண்டாவதைச் சொல்வார்கள், நானும் அப்படித்தான் இருந்தேன்.

டெனிஸ் பந்து 60 கிராமுக்கு உள்ளே. கடினபந்து 156 இலிருந்து 163 கிராம் வரை. கிட்டத்தட்ட மூன்று மடங்கு பாரம், அதுவும் கல்லு மாதிரி. உடம்பு இதைக் கணக்குப் பார்த்துத்தான் பின்னால் போகிறது, அதை மனப் பலவீனம் என்று நினைக்காதே. மென்பந்தில் வளர்ந்தவனுக்கு முன்கால் லெக் பக்கம் விலகும், தலை கூடவே போகும், பிறகு ஓப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தைக் கையை மட்டும் நீட்டித்தான் தொட முடியும். நீ அவுட்டான விதத்தைப் பார்த்தால் பாதிக் காரணம் மனது, பாதி கால்.

அதனால் உபதேசத்துக்கு முன் பொருள். தொடைக்குப் பேட், இடுப்புக்குக் கீழே கார்ட், அளவான ஹெல்மெட். அணியின் பொதுப் பையில் கிடக்கும் தளர்ந்த ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு நின்றால் யாருக்குத்தான் நம்பிக்கை வரும்? எனக்கு ஒரு காலத்தில் அது கண்ணுக்கு மேல் இறங்கி இறங்கி வரும், ஒவ்வொரு பந்துக்கும் தள்ளிவிட்டுக்கொண்டு நிற்பேன். இரவல் வாங்கியாவது உன் தலைக்குச் சரியானதைப் போடு. அப்புறம் ஒரு நண்பனை 12 மீட்டரில் நிற்க வைத்துக் கடினபந்தை மெதுவாக எறியச் சொல்லு, நாளுக்கு நாள் வேகத்தைக் கூட்டு. நெஞ்சுக்கு நேரே வரும் பந்தைக் கண்ணை மூடாமல் பார்த்துக் கீழே இறக்கப் பழகினால் முதலாவது பயம் இரண்டு மூன்று கிழமையில் அடங்கிவிடும்.

கச்சான்_காத்து:

எங்கள் இலங்கை அணியில் ஆடின மாவன் அத்தபத்துவைப் பார் தம்பி! 1990இல் முதல் டெஸ்ட், 0, 0. அடுத்த டெஸ்ட்டில் 0, 1. மூன்றாவதில் திரும்ப 0, 0. ஆறு இன்னிங்ஸில் ஒரே ஒரு ஓட்டம். அப்படிப்பட்ட மனுசன் கடைசியில் 5,502 ஓட்டங்கள், 16 சதம், அதில் 6 இரட்டைச் சதம். விடாமல் நின்றால் வரும்.

பழையகீப்பர்:

@கச்சான்_காத்து கதை சரி, ஆனால் எல்லாரும் பாதியில் நிறுத்துகிற கதை. அந்த ஆறு இன்னிங்ஸும் நான்கு வருட இடைவெளிக்குள் நடந்தவை. நடுவில் அவர் வீட்டில் இருந்து தன்னை நம்பிக்கொண்டிருக்கவில்லை, உள்ளூர்ப் போட்டிகளில் ஓட்டம் ஓட்டமாகக் குவித்தார், அதனால்தான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். 1997இல் முதல் சதம் வந்தது.

விளையாட்டு_மிஸ்:

ஒரு அத்தபத்துவைச் சொல்லிவிட்டீர்கள், நான் மற்ற அத்தபத்துவைச் சொல்கிறேன். 2023இல் இந்தியப் பெண்கள் பிரீமியர் லீக் ஏலத்தில் இலங்கை வீராங்கனை சமரி அத்தபத்துவை ஒருவரும் எடுக்கவில்லை. அதே வருடக் கடைசியில் அவுஸ்திரேலிய பிக் பாஷில் வேறொருவரின் இடத்துக்குப் போய்த் தொடரின் சிறந்த வீராங்கனை ஆனார். 2024 ஏப்ரலில் தென்னாபிரிக்காவில் 302 ஓட்ட இலக்கைத் துரத்தி ஆட்டமிழக்காமல் 195. ஏலத்தில் யார் கை தூக்குவது என்பது அவர் கையில் இல்லை, அடுத்த பந்து இருந்தது.

சரி, தம்பியின் விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒரு பாடசாலையில் பெண் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் சொல்லிக் கொடுக்கிறேன், இதே கதையை வருடத்துக்கு நாலு பிள்ளைகளாவது என்னிடம் அழுதுகொண்டு சொல்வார்கள். நெட்ஸில் நன்றாக ஆடுகிறேன், மெட்ச்சில் வருதில்லை என்று. நெட்ஸில் ஏன் வருகிறது என்று யோசித்தீர்களா? அங்கே அவுட்டானால் "அடுத்தது போடு" என்று சொல்லிவிட்டு அதே இடத்தில் நிற்கலாம். பத்து நிமிடத்தில் ஏழு தடவை அவுட்டானாலும் நல்ல நாலு டிரைவ்தான் ஞாபகத்தில் இருக்கும். மெட்ச்சில் ஒரு உயிர். நீங்கள் பழகுவது ஒரு விளையாட்டு, போய் ஆடுவது வேறு விளையாட்டு.

நான் செய்தது இது. கிழமையில் ஒரு நாள் நெட்ஸில் ஆளுக்கு ஒரு விக்கெட்தான். அவுட்டானால் காலில் கட்டிய பேட்டைக் கழற்றிவிட்டுப் பந்து பொறுக்கப் போக வேண்டும், அன்று முழுக்கத் திரும்ப முறை கிடையாது. முதல் கிழமை ஒரு பிள்ளை மூன்று பந்தில் போய் வெயிலுக்குள் ஒன்றரை மணித்தியாலம் முகத்தை நீட்டிக்கொண்டு பந்து பொறுக்கினாள். நாலாவது கிழமை அதே பிள்ளை 40 பந்து நின்றாள். அவளிடம் நான் தைரியத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும்போதே பந்தைப் பார்க்கலாம் என்பதை அவளுடைய உடம்பு தானாகக் கண்டுபிடித்தது. படபடப்பு போன பிறகு ஆடலாம் என்று காத்திருந்தால் அது போகவே போகாது, பெரிய ஆட்டக்காரர்களுக்கும் போவதில்லை.

இன்னொன்று, கொப்பி ஒன்று வையுங்கள். ஓட்டங்களை எழுத வேண்டாம், அதை ஸ்கோரர் எழுதுவார். எத்தனை பந்தை வீசுகிறவரின் கையிலிருந்து வெளியேறும் நேரமே பார்த்தேன், விட வேண்டிய எத்தனை பந்தை விட்டேன், இது இரண்டை மட்டும் அன்றிரவே எழுதுங்கள்.

மூதூர்_ஸ்பின்:

நான் மற்றப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பந்து போடுகிறவனுக்கு என்ன தெரியும் என்று உங்களுக்குத் தெரியாது.

புதுப் பொடியன் ஒருவன் வருகிறான். கார்ட் எடுக்கிறான், பீல்டிங்கைச் சுற்றிப் பார்க்கிறான், திரும்பப் பார்க்கிறான், கையுறையை இழுக்கிறான், கடைசியாக என் முகத்தைப் பார்க்கிறான். முகத்தைப் பார்த்தால் எனக்குப் போதும், விக்கெட்டுக்குப் போட வேண்டிய தேவையே இல்லை. இரண்டு பந்து வெளியே போடுவேன், பதற்றத்தில் அவனே கையை நீட்டுவான். என் கையிலிருக்கும் பந்தைப் பார்க்கிறவனுக்குத்தான் நான் யோசித்துப் போட வேண்டும்.

ஆகவே ஓடி வரும்போது முகம் வேண்டாம், பந்தைப் பார். 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து உன்னிடம் வர 0.6 விநாடிதான் எடுக்கும். அதற்குள் "இந்தப் பந்தில் போகப் போகிறாய்" என்ற வசனத்தை மனதுக்குள் சொல்லி முடிக்கவே நேரம் காணாது. அந்தக் குரல் வருவது பந்து வருமுன்தான், அந்த நேரத்துக்கு வேறு வேலை கொடு. பந்து முடிந்ததும் ஸ்கொயர் லெக் பக்கம் நாலு அடி நட, கையுறைப் பட்டியைக் கழற்றிப் போடு, மூச்சை மெதுவாக வெளியே விடு, திரும்பி வந்து துடுப்பை நிலத்தில் இரண்டு தரம் தட்டு, அதற்குப் பிறகு "பந்து" என்று மட்டும் சொல்லு. எந்தப் பந்துக்கும் இதே வரிசை, நாலு அடித்தாலும் இதே, மயிரிழையில் தப்பினாலும் இதே. முழு நேரமும் கண்ணை உருட்டிக்கொண்டு நின்றால் பத்தாவது ஓவரில் களைத்துவிடுவாய்.

அப்புறம், எங்களுக்கும் பயம் இருக்கிறது. 1995இல் மெல்பேர்ணில் முரளியை ஒரு அம்பயர் 7 தடவை நோ போல் என்று கூப்பிட்டார், அத்தனை சனத்துக்கு முன்னால். மனுசன் அதே இன்னிங்ஸில் முனை மாறி மற்ற அம்பயர் பக்கத்திலிருந்து தொடர்ந்து போட்டார். 800 விக்கெட் எல்லாம் பிறகு. எனக்கு இரண்டு வைட் போனாலே பந்தைக் கெப்டனிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் போல இருக்கும்.

(ஒரு தடவை நான் நல்ல ரிதமில் போட்டுக்கொண்டிருந்தபோது மான் இரண்டு மைதானத்துக்குள் வந்து மிட் விக்கெட்டில் மேயத் தொடங்கிவிட்டன. திருகோணமலையில் எந்த மனப்பயிற்சியும் மானையும் சேர்த்துத்தான் செய்ய வேண்டும்.)

உப்புவெளிப்பொடியன்:

எல்லாருக்கும் நன்றி. மூதூர் அண்ணா, நான் முகத்தைத்தான் பார்க்கிறேன், நீங்கள் சொன்ன பிறகுதான் விளங்கியது. கீப்பர் அண்ணா, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டு பயமும் இருக்கிறது. ஆனால் ஒன்று, கடற்கரையில் ஏன் எனக்கு இது ஒன்றும் வருவதில்லை? அங்கேயும் அவுட்டானால் அவுட்தானே. மற்றது அப்பா. அவர் வந்து நின்றால் இன்னும் மோசம். வர வேண்டாம் என்று சொல்லலாமா?

பழையகீப்பர்:

உங்கள் பக்கம் கடலுக்குள் அடித்தால் அவுட்டா?

உப்புவெளிப்பொடியன்:

ஓம். நேரே தண்ணிக்குள் விழுந்தால் அவுட், எடுத்து வருவதும் அடித்தவன்தான்.

பழையகீப்பர்:

அப்போ ஒரு பக்கம் முழுவதையும் விட்டுவிட்டு ஆட உனக்கு ஏற்கெனவே தெரியும். கடல் பக்கம் அல்வா மாதிரிப் பந்து வந்தாலும் நீ தொட மாட்டாய், யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. தெரிவு மெட்ச்சில் முதல் 15 பந்துக்கு ஓப் ஸ்டம்புக்கு வெளியே இருப்பது முழுக்கக் கடல் என்று வைத்துக்கொள். மெட்டிங் விக்கெட்டில் (பாய் விரித்த ஆடுதளத்தில்) பந்து அதிகமாக எழும்பும், அதனால் அந்தப் பக்கம் விடுவதில் உனக்கு நட்டமே இல்லை.

அப்பா விஷயத்தில் எனக்குப் பெரிய அறிவு கிடையாது. என் அப்பா ஒரு மெட்ச்சுக்கும் வந்ததில்லை, அதுவும் ஒரு மாதிரித்தான் இருந்தது.

விளையாட்டு_மிஸ்:

வர வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஒரு நாள் தொழிலை விட்டு வந்த மனிதர் அவர், அந்த நாளின் வருமானம் என்ன என்று உங்கள் வீட்டுக்குத் தெரியும். அவர் கோபத்தில் பேசாமல் வந்தார் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? என்ன சொல்வது என்று தெரியாமலும் இருக்கலாம். பின்னேரம் அவரையே பந்து எறியச் சொல்லிப் பாருங்கள். வலை இழுக்கிற கை, நன்றாக எறிவார்.

உப்புவெளிப்பொடியன்:

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், சோதனையும் இருந்தது.

அப்பா எறிகிறார். முதல் நாள் அவர் எறிந்த மூன்றாவது பந்து என் விலாவில் பட்டது, அவர்தான் கூடப் பயந்தார், அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றார். அன்று போன மெட்ச்சைப் பற்றிக் கேட்டேன். "நான் உன்னைப் பேசவில்லையே, அந்தப் பந்து வெளியே போனது எனக்கே தெரிந்தது, உனக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தேன்" என்றார்.

நேற்று ஒரு சிநேகபூர்வ மெட்ச். 34 பந்தில் 11. சிரிக்காதீர்கள். முதல் 15 பந்தில் 9 பந்தை விட்டேன், கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். வாய் காய்ந்தது, குரலும் வந்தது, ஆனால் நடந்து போய்ப் பட்டியைக் கழற்றிக்கொண்டிருந்ததில் அதைக் கேட்க நேரம் இருக்கவில்லை. கடைசியில் ஸ்பின்னுக்கு ஸ்வீப் ஆடப் போய் எல்பி, பந்து காலில் பட்டு அவுட். கோச் சேர் அந்த ஸ்வீப்புக்கு நல்ல ஏச்சுக் கொடுத்தார். தெரிவு வருகிற சனிக்கு அடுத்த சனி. அதற்குள் யாராவது நல்ல ஸ்பின் போடுகிறவர் ஒரு நாள் வந்தால் உதவியாக இருக்கும்.

மூதூர்_ஸ்பின்:

ஞாயிறு டவுனுக்கு வர ஒரு வேலை இருக்கிறது. காலமை ஆறரைக்கு ஏகாம்பரம் மைதானத்தில் நில், வெயில் ஏறுமுன் முடித்துவிடுவோம். ஒரு விக்கெட்தான் தருவேன், போனால் நீதான் பந்து பொறுக்க வேண்டும்.

உப்புவெளிப்பொடியன்:

வருகிறேன் அண்ணா. அப்பாவும் வரலாமா என்று கேட்கிறார்.

மூதூர்_ஸ்பின்:

வரட்டும். பொறுக்க ஆள் காணாதுதானே.