கருப்பூர் பக்கம் எடுத்த வெள்ளைக்கல் எலுமிச்சைச் சாற்றில் பொங்கவில்லை, இது மேக்னசைட்தானா?

அஸ்தம்பட்டி அம்மா:
வணக்கம். எட்டாவது படிக்கும் என் மகள் பள்ளிக் கண்காட்சிக்காகக் கல் சேர்க்கிறாள். சேலத்தில் கருப்பூர் போகும் சாலையோரம் கிடந்த ஒரு வெள்ளைக்கல்லை எடுத்துவந்து, மேக்னசைட் என்று அட்டையும் எழுதிவிட்டாள். மேக்னசைட் என்பது மக்னீசியம் கார்பனேட் கனிமமாம், கார்பனேட் என்றால் அமிலம் பட்டதும் பொங்க வேண்டுமாம். எலுமிச்சைச் சாறு விட்டோம், ஒரு குமிழ்கூட வரவில்லை. பக்கத்தில் வைத்த மார்பிள் துண்டில் மட்டும் சின்னச் சின்னக் குமிழ் வந்தது. அப்படியானால் இது வெறும் வெங்கச்சங்கல்லா (குவார்ட்ஸ்)? வியாழக்கிழமை கண்காட்சி. தப்பான பெயரோடு அவளை நிற்கவைக்க மனசு வரவில்லை.

சுரங்கத்தில் இருந்தவன்:
அட்டையைக் கிழித்துவிடாதீர்கள் அம்மா. மார்பிளில் இருப்பது கால்சைட், அது உடனே பொங்கும். மேக்னசைட் ஆறிய அமிலத்தில் அநேகமாகச் சும்மாதான் இருக்கும். அதைப் பொடித்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு இளஞ்சூடாக்கினால்தான் நுரைக்கும். இதைப் பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் கையால் மட்டும் செய்யுங்கள்.

அதற்கு முன் வீட்டிலேயே ஒரு பழைய கண்ணாடி பாட்டிலில் கல்லின் முனையை அழுத்தி இழுங்கள். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் வெங்கச்சங்கல் 7, கண்ணாடி சுமார் 5.5. அதனால் கீறல் விழும். மேக்னசைட் 3.5 முதல் 4.5 வரைதான், வெள்ளைத் தூள்தான் ஒட்டும். அந்தத் தூளே கீறல் போலத் தெரியும், ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். நம்ம ஊர்க் கல்லில் சிலிக்கா, அதாவது வெங்கச்சங்கல்லில் உள்ள அதே பொருள், கலந்திருப்பதும் உண்டு, ஆகவே இரண்டு மூன்று முனைகளில் இழுத்துப் பார்ப்பது நல்லது. உடைந்த முகம் பீங்கான் சில்லு போல மழமழவென்று இருக்கிறதா?

அஸ்தம்பட்டி அம்மா:
துடைத்ததும் பாட்டில் சுத்தமாகிவிட்டது, மூன்று முனையிலும். முகம் நீங்கள் சொன்ன மாதிரியேதான், பழைய ஊறுகாய் ஜாடி உடைந்தது போல.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை:
எடையும் பார்த்துவிடுங்கள் அக்கா, எனக்கு அதில்தான் நம்பிக்கை. கல்லை முதலில் நிறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் தண்ணீர்க் கிண்ணத்தைத் தராசில் வைத்து, எடையைப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டி முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. இப்போது காட்டும் கிராமால் கல்லின் எடையை வகுத்தால் அடர்த்தி. குவார்ட்ஸ் 2.65, கால்சைட் 2.71, மேக்னசைட் 3-க்குப் பக்கம் வரும்.

அஸ்தம்பட்டி அம்மா:
152 கிராம். தண்ணீரில் 51. வகுத்தால் 2.98! இன்று ஆய்வகத்தில் டீச்சர் பொடியைச் சூடாக்கியதும் நுரைத்ததாம், மகள் ஓடிவந்து சொன்னாள். இருவருக்கும் மிக்க நன்றி. கஞ்சமலையில் எடுத்த ஒரு கருப்புக் கல்லும் இருக்கிறது, வெள்ளைக் கோடு கோடாக. காந்தம் ஒட்டுகிறது.

சுரங்கத்தில் இருந்தவன்:
அது மேக்னடைட் என்ற இரும்புத்தாது, வெள்ளைக் கோடுகள் குவார்ட்ஸ். பீங்கான் டைல்ஸ் ஓட்டின் மெருகில்லாத பின்பக்கத்தில், கருப்புப் பகுதியை மட்டும் தேயுங்கள், கருப்புக் கோடு விழும். செம்பழுப்பாக விழுந்தால் ஹெமடைட் என்ற வேறொரு இரும்புத்தாது. இரண்டு கனிமம் கலந்த பாறை என்பதால் கடினம், அடர்த்தி எல்லாம் அட்டவணைக்கு ஒத்துவராது. அட்டையில் இரண்டு பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.