புதுப்பிப்பு: கம்பஸ் திரையிடலுக்கு எந்தப் படங்கள்?

எங்கட கம்பஸ் அரசியல் வட்டத்தில போட சோசலிசப் படங்கள் கேட்டிருந்தேன். பதில் தந்தவைக்கு நன்றி.

முதல்ல சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனின் 'பொட்டெம்கின் போர்க்கப்பல்' (1925). மௌனப்படம், தமிழா சிங்களமா எண்ட சப்டைட்டில் சண்டை குறைவு.

அடுத்தது 'சால்ட் ஒஃப் த ஏர்த்' (1954). நியூ மெக்சிகோவில துத்தநாகச் சுரங்க வேலைநிறுத்தம். மறியலில நிக்க ஆண்களுக்கு நீதிமன்றம் தடைபோட, பெண்கள் வந்து நிக்கினம். ஆண்கள் வீட்டு வேலையில திண்டாடினம். இயக்குநர் பீபர்மன் ஹொலிவூட்டின் கறுப்புப்பட்டியலில (கம்யூனிஸ்ட் எண்டு சந்தேகிச்சு வேலை குடுக்காமல் ஒதுக்கின ஆக்களின்ர பட்டியல்) இருந்தவர். மலையகப் பிள்ளையள் இதுக்குத்தான் ஒற்றைக்காலில நிண்டவை.

வாக்குவாதம் முழுக்க இயக்குநர் தர்மசேன பத்திராஜவின் 'பொன்மணி'க்கு (1977). யாழ்ப்பாணத்துச் சாதி, சீதனக் கதை. "இதில எங்க சோசலிசம்?" எண்டார் ஒரு சீனியர். சாதியை விட்டிட்டு வர்க்கம் கதைக்க எனக்குச் சரிவராது. போடுறம்.

நல்ல பிரதி ஆரிட்டயாவது இருந்தால் சொல்லுங்கோ.