மைக்ரோடிரான்சாக்‌ஷன்: ‘இடைக்கட்டணம்’ என்ற சொல்லுக்கான முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மைக்ரோடிரான்சாக்‌ஷன் (மின்விளையாட்டை ஆடிக்கொண்டிருக்கும்போதே அதற்குள் பணம் கொடுத்துப் பொருள்களை வாங்குவது) என்பதற்குத் தமிழ்ச்சொல் வேண்டி நான் எழுதிய மடலுக்கு நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன: நுண்பரிவர்த்தனை, குறுங்கொடுப்பனவு, சிறுகொள்முதல், உள்வாங்கல். ஒவ்வொன்றையும் என் மொழிபெயர்ப்பில் வைத்துப் பார்த்தேன், சிலரிடம் படித்தும் காட்டினேன். அதன் முடிவில் வேறொரு சொல்லுக்கு வந்து சேர்ந்திருக்கிறேன். அந்தச் சொல்லையும் அதற்கான காரணங்களையும் இங்கே வைக்கிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள்.

இந்தச் சொல் எனக்கு ஏன் உடனடியாகத் தேவைப்படுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரின் தெம்பனிசில் எங்கள் வட்டாரக் குடியிருப்பாளர்கள், பிள்ளைகள் மின்விளையாட்டுகளில் செலவிடும் பணத்தைப் பற்றிப் பெற்றோருக்காக நான்கு மொழிகளிலும் ஒரு துண்டுப்பிரசுரம் தயாரிக்கிறார்கள். அதன் தமிழ்ப் பகுதி என் பொறுப்பு. முதல் வரைவில் நுண்பரிவர்த்தனை என்றே எழுதினேன். அதை எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் அமர்ந்திருந்த ஒரு மாமியாருக்கும் மருமகளுக்கும் படித்துக் காட்டியபோது, மாமியார் பதறிப்போய், “வங்கியிலிருந்து யாராவது பணத்தை எடுத்துவிட்டார்களா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. பரிவர்த்தனை என்ற சொல்லை அவர் கேட்டிருப்பதெல்லாம் வங்கிக் கணக்கைப் பற்றிய பேச்சிலும் மோசடி எச்சரிக்கைகளிலும்தான். மருமகளின் நிலை இன்னும் என்னை உறுத்தியது. அவருடைய பதினொரு வயது மகன், அவரது கைப்பேசியில் சேமித்து வைக்கப்பட்டிருந்த கடன் அட்டையின் வழியாக இரண்டு வாரங்களில் 180 சிங்கப்பூர் வெள்ளி செலவழித்திருந்தான். தம் வீட்டில் நடந்த அந்த நிகழ்ச்சியைத்தான் நான் படித்த பத்தி பேசுகிறது என்பது அவருக்கே தெரியவில்லை.

நுண் என்ற முன்னொட்டு எனக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை. நுண்ணுயிர், நுண்ணோக்கி என்றெல்லாம் சொல்லும்போது கண்ணுக்கு அகப்படாத சிறுமையைக் குறிக்கிறோம். 2006ஆம் ஆண்டில் ஒப்லிவியன் என்ற ஆட்டத்தில் குதிரைக்கான கவசம் 2.50 அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டபோது, கணினிக்குள் இருக்கும் குதிரைக்கு அணிகலன் விற்கிறார்களே என்று பலர் கேலி செய்தார்கள். ஆயினும் அன்று அந்தத் தொகை உண்மையிலேயே சிறியது. இன்று ஒரே தட்டலில் 100 அமெரிக்க டாலரை ஒட்டிய விலைக்குத் தொகுப்புகளை விற்கும் கைப்பேசி ஆட்டங்கள் உள்ளன. தொகை பெரிதாகிவிட்ட பிறகும் விற்பவர் வைத்த பெயரிலுள்ள சிறுமையை நாம் தமிழிலும் வலிந்து ஏற்றினால், பெற்றோருக்கு நாமே தவறான தகவலைத் தந்தவர்கள் ஆவோம். இதே காரணத்தால் குறுங்கொடுப்பனவையும் தள்ளிவைக்க வேண்டியிருக்கிறது. இலங்கையிலிருந்து அதைப் பரிந்துரைத்த ஐயா பொறுத்தருள வேண்டும். கொடுப்பனவு என்பது நல்ல சொல்தான், என் தயக்கம் முன்னொட்டில் மட்டுமே.

சிறுகொள்முதலில் எனக்குள்ள சிக்கல் வேறு. கொள்முதல் என்றால், தேவையை அறிந்து, விலை பேசி, மனமொப்பி வாங்குவது. நெல் கொள்முதல் என்று சொல்லும்போது நம் மனத்தில் எழும் காட்சி அதுதான். ஃபோர்ட்நைட் ஆட்டத்தை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம், 2022 டிசம்பரில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 24.5 கோடி டாலரை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. குழப்பம் தரும் வகையில் பொத்தான்கள் அமைக்கப்பட்டிருந்ததால், ஆட்டத்தை உறக்கநிலையிலிருந்து எழுப்ப முயன்றபோதுகூட ஆட்டக்காரர்களிடம் கட்டணம் வசூலானது என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. அத்தகைய செலவைக் கொள்முதல் என்று எழுத என் கை வரவில்லை. உள்வாங்கல் என்ற சொல்லோ கருத்தை உள்வாங்குதல், மூச்சை உள்வாங்குதல், கடல் உள்வாங்குதல் என ஏற்கெனவே வேறு பல வேலைகளைச் செய்துகொண்டிருக்கிறது.

நான் முன்வைக்கும் சொல் இடைக்கட்டணம். ஓர் ஆட்டத்துக்குள் நுழைவதற்குத் தருவது நுழைவுக் கட்டணம். மாதந்தோறும் தருவது சந்தா. நுழைந்த பிறகு, ஆடிக்கொண்டிருக்கும்போதே கேட்கப்படுவது இடைக்கட்டணம். இடைவேளை, இடைத்தேர்தல், இடைநிறுத்தம் ஆகியவற்றில் உள்ள அதே இடைதான் இங்கும் வருகிறது. தொகை பெரிதா சிறிதா என்று இச்சொல் எதுவும் சொல்வதில்லை. தருபவர் விரும்பித் தந்தாரா, தம்மை அறியாமல் தந்தாரா என்பதிலும் அது தலையிடுவதில்லை. பணம் எப்போது கேட்கப்படுகிறது என்பதை மட்டும் சொல்கிறது. இந்த வணிகமுறையை முந்தைய முறைகளிலிருந்து பிரித்துக் காட்டும் கூறு அந்த நேரம்தானே?

இச்சொல்லை ஏற்றுக்கொண்டால் இன்னொரு பழைய தவறும் திருந்தும். ஃப்ரீ டு பிளே என்பதை நாம் இலவச ஆட்டம் என்று எழுதி வருகிறோம். ஆட்டம் முழுவதும் இலவசமாக இருக்கும் என்று நம்பித்தான் பெற்றோர் பதிவிறக்கம் செய்து தருகிறார்கள். இலவச நுழைவு ஆட்டம் என்று எழுதினால், நுழைவு மட்டுமே இலவசம் என்பதும், உள்ளே இடைக்கட்டணம் இருக்கக்கூடும் என்பதும் பெயரைப் படித்தவுடனே புரிந்துவிடும்.

இடைக்கட்டணம் என்றாலே ஏமாற்று என்ற பொருளில் நான் இதை எழுதவில்லை. ஆட்டங்களை உருவாக்குவோருக்கு ஊதியம் வேண்டும். இணையவழி ஆட்டமாக இருந்தால் கணினி வழங்கிகளுக்கு ஆண்டுக்கணக்கில் செலவு செய்தாக வேண்டும். சிங்கப்பூரில் இது பலருடைய பிழைப்பு. 2009இல் இங்கே தொடங்கப்பட்ட கரீனா நிறுவனம் வெளியிட்ட ஃப்ரீ ஃபயர் ஆட்டம் தமிழ்நாட்டுச் சிறுவர்கள் வரை சென்று சேர்ந்தது. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் ஆட்டத் தயாரிப்புக் கூடம் இங்கே 2008 முதல் இயங்கி வருகிறது. ஆகவே பணம் கேட்பதை நான் குறை கூறவில்லை. கேட்கும் முறை நேர்மையானதா என்பதே என் கேள்வி, அந்த வேறுபாட்டைச் சொல்லத் தமிழில் சொற்கள் இருக்க வேண்டும் என்பதே என் ஆசை.

நேர்மையான வழிகள் பல ஏற்கெனவே நடைமுறையில் உள்ளன. 1993இல் வெளிவந்த டூம் ஆட்டத்தின் முதல் பகுதியை எவரும் இலவசமாகப் பெற்று ஆடலாம். பிடித்திருந்தால் மற்றப் பகுதிகளைப் பணம் கொடுத்து வாங்கலாம். 2012இல் டபுள் ஃபைன் நிறுவனம் ஆட்டத்தை உருவாக்கப் பொதுமக்களிடம் 4 லட்சம் டாலர் கேட்டுத் திரள்நிதி தொடங்கியபோது 33 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் ஆட்டத்தை உருவாக்கிய இரு சகோதரர்கள் 2006 முதல் அதை இலவசமாகவே தந்து, ஆடியவர்கள் மனமுவந்து அனுப்பிய நன்கொடையில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்து, 2022 டிசம்பரில்தான் விலைக்குரிய பதிப்பை வெளியிட்டார்கள். இலவசப் பதிப்பையும் அவர்கள் நிறுத்திவிடவில்லை. 2019இல் தொடங்கிய ஆப்பிள் ஆர்கேட் சேவையில் சந்தா உண்டு, இடைக்கட்டணம் கிடையாது. (இந்த ஒரு வரியை நுண்பரிவர்த்தனை என்ற சொல்லைக் கொண்டு எழுதிப் பாருங்கள், எவ்வளவு மங்கிப்போகிறது என்று தெரியும்.) இடைக்கட்டணத்திலும் நேர்மையான வகை உண்டு. டோட்டா 2 ஆட்டத்தில் வீரர்கள் அனைவரையும் எல்லாருக்கும் இலவசமாகத் தந்துவிட்டு, உடை, ஆயுதத் தோற்றம் போன்ற அலங்காரங்களை விற்கிறார்கள். காசு கொடுத்தவருக்கு அதனால் ஆட்டவலு கூடுவதில்லை. இவற்றை அணிப்பொருள் என்றும், காசுக்கு வலுவைக் கூட்டித் தருபவற்றை வலுப்பொருள் என்றும் அழைக்கலாம். ஆனால் டோட்டா 2 ஆட்டத்திலேயே அலங்காரங்கள் சிலவற்றைத் திறந்து பார்த்தால்தான் தெரியும் பெட்டிகளில் வைத்தும் விற்றிருக்கிறார்கள் என்பதால், அடுத்த சொல்லுக்குப் போக வேண்டியிருக்கிறது.

லூட் பாக்ஸ், அதாவது உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே பணம் கொடுத்துத் திறக்கும் பெட்டி. இதுதான் என்னை மிகவும் அலைக்கழித்த சொல். கொள்ளைப்பெட்டி என்ற பரிந்துரை ஆங்கிலத்தை அப்படியே நகலெடுக்கிறது. புதிர்ப்பெட்டி என்பதைக் கேட்டால் பிள்ளைகளுக்கு ஆசைதான் வரும். எங்கள் தலைமுறையில் சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்கு ஒரு சொல்கூடத் தேவைப்படாது. திக்காம் திக்காம் என்றால் போதும். மாமா கடை என்று நாங்கள் அழைக்கும் சிறு மளிகைக் கடையில் ஓர் அட்டை தொங்கும். அதில் மடித்து ஒட்டிய துண்டுச் சீட்டுகள் வரிசையாக இருக்கும். ஐந்து காசோ பத்துக் காசோ கொடுத்து ஒன்றைப் பிய்த்துத் திறந்தால், உள்ளே இருக்கும் எண்ணுக்குரிய பொம்மையோ மிட்டாயோ நமக்குக் கிடைக்கும். ஆனால் திக்காம் பெட்டி என்று எழுதினால் மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ளவர்களுக்குப் புரியாது என்பதால் அதைக் கைவிட்டேன்.

கைவிடும்போதுதான் ஒரு முக்கியமான வேறுபாடு எனக்குத் தெரிந்தது. திக்காம் அட்டையில் பரிசுகள் கண்முன்னே தொங்கும், மிச்சமிருக்கும் சீட்டுகளை எண்ணிவிடலாம், பிய்க்கப் பிய்க்க அவை குறைந்துகொண்டே வரும். நூறு சீட்டுகளில் ஒன்றில் பெரிய பரிசு என்றால், நூறையும் வாங்குபவருக்கு அது நிச்சயம். மின்னிலக்கப் பெட்டியில் சீட்டுகள் குறைவதே இல்லை. ஒவ்வொரு முறையும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், நூறு முறை பணம் கட்டிய பிறகும் ஏறத்தாழ 37 விழுக்காட்டினருக்கு அந்தப் பொருள் ஒருமுறைகூடக் கிடைத்திருக்காது. குறிப்பிட்ட முறைக்குப் பின் பொருளை உறுதியாகத் தரும் விதியைச் சில ஆட்டங்கள் வைத்திருக்கின்றன. அந்த விதி இல்லாத இடத்தில் கணக்கு இதுதான். “இன்னும் கொஞ்சம் போட்டால் வந்துவிடும்மா” என்று பிள்ளை சொல்வது திக்காம் அட்டைக்குப் பொருந்தும், இந்தப் பெட்டிக்குப் பொருந்தாது.

ஆகவே, ஒவ்வொரு முறையும் புதிதாகக் குலுக்கி எடுப்பதைக் காட்டும் குலுக்கல் பெட்டி என்ற சொல்லை முன்வைக்கிறேன். குலுக்கல் நம் எல்லாருக்கும் தெரிந்த சொல். பரிசும் கிடைக்கலாம், ஏமாற்றமும் கிடைக்கலாம் என்ற இரண்டும் அதில் அடங்கியிருக்கின்றன. குலுக்குப்பெட்டி என்று முதலில் எழுதியிருந்தேன். வினைத்தொகையில் வலி மிகாது என்பதால் அது பிழையாகும் என்று இலக்கணம் கற்பிக்கும் அம்மா ஒருவர் சுட்டிக்காட்டினார். அவருக்கு என் நன்றி. சேர்த்து எழுதுவோர் குலுக்கற்பெட்டி என்று எழுதலாம். துண்டுப்பிரசுரத்தில் பிரித்தே எழுதப் போகிறேன்.

சூதுப்பெட்டி என்றே அழைத்தால் என்ன என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது; ஆனால் சட்டங்கள் இதில் ஒன்றுபடவில்லை. ஒரு தொகுதியின் பொருள்கள் எல்லாவற்றையும் குலுக்கலில் பெற்று முடித்தால்தான் பெரும்பரிசு என்ற முறையை ஜப்பான் 2012இலேயே தடுத்தது. ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரன்ட் 2 ஆட்டத்தின் குலுக்கல் பெட்டிகளைச் சுற்றி 2017 நவம்பரில் எழுந்த எதிர்ப்புக்குப் பின்னர், 2018இல் பெல்ஜியம் பணம் கொடுத்து வாங்கும் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்தது. நெதர்லாந்திலோ ஃபிஃபா காற்பந்து ஆட்டத்தில் குலுக்கல் முறையில் விற்கப்பட்ட அட்டைப்பொதிகளுக்காக விதிக்கப்பட்ட 1 கோடி யூரோ அபராதத்தை 2022இல் உயர் நிர்வாக நீதிமன்றம் நீக்கிவிட்டது. சிங்கப்பூரிலும் 2022 ஆகஸ்டு முதல் சூதாட்டத்துக்கென்றே தனி ஒழுங்குமுறை ஆணையம் இயங்குகிறது. எது சூதாட்டம் என்று சொல்லும் பொறுப்பு அதற்கும் சட்டத்துக்கும் உரியது. கலைச்சொல்லே தீர்ப்பை வழங்கிவிட்டால், “குலுக்கல் பெட்டி சூதாட்டமா?” என்ற கேள்வியைத் தமிழில் கேட்கவே முடியாமல் போய்விடும்.

ஆட்டத்துக்குள் மட்டும் புழங்கும் பணத்துக்கு வில்லை என்ற சொல்லே போதும் என்று நினைக்கிறேன். ஒருவர் பற்றுச்சீட்டு என்று சொல்லியிருந்தார். சிங்கப்பூரில் அச்சொல்லைக் கேட்டால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அரசு வழங்கும் சிடிசி பற்றுச்சீட்டுதான் நினைவுக்கு வரும். அதில் மதிப்பு வெள்ளியிலேயே எழுதப்பட்டிருக்கும். வில்லையின் வேலையே வெள்ளியை மறைப்பதுதான். பொருளின் விலை 80 வில்லை, விற்பதோ 60 வில்லைகள் கொண்ட தொகுப்பு என்றால், இரண்டு தொகுப்புகள் வாங்கி 40 வில்லைகளை மிச்சம் வைத்திருக்க வேண்டும். அந்த மிச்சம் அடுத்த தொகுப்புக்கு அழைக்கும். ஐரோப்பிய நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகள் 2025 மார்ச்சில் வெளியிட்ட கோட்பாடுகளில், ஆட்டப் பொருள்களின் விலையை உண்மையான நாணயத்திலும் காட்ட வேண்டும் என்று கேட்டது இதனால்தான்.

இடைக்கட்டணத்துக்கு எதிராக ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு என்பதை நானே சொல்லிவிடுகிறேன். இடைத்தரகர் என்ற சொல்லின் சாயலில், ஆட்டத்தை விற்றுத் தரும் செயலிக்கடை எடுத்துக்கொள்ளும் பங்கை இது குறிக்கும் என்று ஒருவர் மயங்கக்கூடும். அந்தப் பங்கும் சிறியதன்று. ஆப்பிள், கூகல் கடைகளில் அது நெடுங்காலம் 30 விழுக்காடாக இருந்தது. அதற்குத் தரகு என்ற தெளிவான சொல் இருப்பதால், இரண்டும் ஒரே பத்தியில் வந்தாலும் குழப்பம் நேராது என்பது என் எண்ணம். கீழ்த்தளத்தில் அதே மருமகளிடம் திருத்திய வரைவைப் படித்துக் காட்டினேன். இரண்டாவது வரியிலேயே நிறுத்தி, “இதைத்தானே என் மகன் கட்டினான்?” என்று கேட்டார்.

இன்னும் ஒரு சொல் பாக்கியிருக்கிறது. ஒரு பருவத்துக்குப் பணம் கட்டி, தொடர்ந்து ஆட ஆடப் பரிசுகளைப் பெறும் பேட்டில் பாஸ் என்பதற்குப் பருவச்சீட்டு என்று வைத்திருக்கிறேன். ஆனால் இங்கே மாதக் கட்டணம் செலுத்தி வாகனம் நிறுத்துபவர்கள் அதை வாகன நிறுத்தச் சீட்டாக எடுத்துக்கொள்வார்களோ என்று அஞ்சுகிறேன். வெள்ளிக்கிழமை காலையில் வரைவு அச்சுக்குப் போகிறது. அதற்குள் யாருக்கேனும் மேலான சொல் தோன்றினால் தயவுசெய்து எழுதுங்கள்.

அன்புடன்,
தெம்பனிசிலிருந்து