மழையில வளைவுல காரோட பின்பக்கம் அப்படியே சுத்திப் போச்சு, பிரேக்கா டயரா நான் பண்ணின தப்பா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

தக்கலை_தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் இடவப்பாதி மழை (தென்மேற்கு பருவமழை) தொடங்கின வாரம் பேச்சிப்பாறையில அக்கா வீட்டுக்குப் போயிட்டு குலசேகரம் வழியா திரும்பிட்டு இருந்தோம். சாயங்காலம் அஞ்சரை இருக்கும். நான் ஓட்டினேன், பக்கத்துல தம்பி, பின்னால அம்மை. பெரிய மழை விட்டு தூறல் மட்டும்தான், ரெண்டு பக்கமும் ரப்பர் தோட்டம், ரோடு இறக்கம், இடது வளைவு. ஸ்பீடு 50க்கு கிட்ட. வளைவுக்குள்ள நுழைஞ்ச பொறவு எதிர ஒரு டெம்போ வந்தது, பயந்து ஆக்சிலேட்டர்ல இருந்து சடக்குன்னு கால எடுத்து பிரேக்க தொட்டேன், பின்பக்கம் வலது பக்கமா நழுவுச்சு, டெம்போ பக்கம் போயிரக்கூடாதுன்னு ஸ்டீயரிங்க இன்னும் இடது பக்கம் ஒடிச்சு பிரேக்க முழுசா சவிட்டிட்டேன், அவ்ளோதான், வண்டி சுத்தி மூக்கு இடது பக்க ஓடையில இறங்கி ஒரு ரப்பர் மரத்துல போய் இடிச்சு நின்னுச்சு. மரத்துல மழைக்கு கட்டியிருந்த பிளாஸ்டிக்கும் ரப்பர் பால் பிடிக்கிற சிரட்டையும் பானட் மேல வந்து விழுந்து பால் கண்ணாடி பூரா வழிஞ்சு ஒண்ணுமே தெரியல, வெள்ளையா இருந்துச்சு, பின்னால அம்மை கத்தினது மட்டும் கேட்டுச்சு.

அம்மை பெல்ட் போடல. முன் சீட்டுல நெத்தி இடிச்சு ரெண்டு தையல். எனக்கும் தம்பிக்கும் ஒண்ணுமில்ல.

வண்டி 2014 மாடல் ஹேட்ச்பேக், ஏபிஎஸ் (பிரேக் சவிட்டும்போது சக்கரம் பூட்டாம பாத்துக்கிறது) இல்லாதது. முன்னால ரெண்டு டயரும் ரெண்டு மாசம் முன்னாலதான் புதுசு போட்டேன். பின்னால பழசு, ஆனா பட்டன் (டயர் மேல உள்ள வெட்டு) இருக்கு. காத்து எப்பவும் 33 பிஎஸ்ஐ. ஒர்க்‌ஷாப்புல பிரேக்க கழட்டிப் பாத்துட்டு ஒரு குறையும் இல்லன்னு சொல்லிட்டாங்க. அப்படின்னா என்னதான் நடந்துச்சு, அந்த நேரத்துல நான் என்ன செஞ்சிருக்கணும்? வண்டி ரெடியாகி வந்து ஒரு வாரம் ஆச்சு, சாவிய எடுத்தாலே கை நடுங்குது.

மலையோர_டாக்சி:
மக்ளே, அம்மைக்கு பெருசா ஒண்ணும் ஆகல்லியே, அது போதும். நான் 24 வருஷமா குலசேகரம், பேச்சிப்பாறை, திற்பரப்பு சவாரி ஓட்டுறேன். அந்த ரோட்டுல ரப்பர் மரம் ரெண்டு பக்கமும் மேல கூடி நிக்கும், வெயிலே விழாது, மழை விட்டு ரெண்டு மணி நேரம் ஆனாலும் ஈரம் அப்படியே கெடக்கும், ஓரத்துல பாசி வேற பிடிச்சிருக்கும். அதுக்கு மேல இலை. தை மாசி இலையுதிர்வு எல்லாருக்கும் தெரியும், ஆனா இடவப்பாதியில மழை நோய் வந்து பச்சை இலையே கொட்டும், துரிசு மருந்து அடிக்காத தோட்டம்னா இன்னும் கூடுதல். அந்த இலைய டயர் ஏறி ஏறி அரைச்சு ரோட்டுல பசை மாதிரி ஒட்டி வச்சிருக்கும். கண்ணுக்கு வெறும் ஈர ரோடாத்தான் தெரியும். அதுலயும் சீசன்ல முதல் நாலஞ்சு மழை ரொம்ப மோசம், வெயில் காலம் பூரா விழுந்த ஆயிலும் தூசியும் சேந்து மேல வரும், நல்லா கொட்டி கழுவின பொறவுதான் கொஞ்சம் பிடிக்கும்.

அங்ஙன நான் வளைவுக்கு முன்னால, ரோடு நேரா இருக்கும்போதே பிரேக் போட்டு மூணாவதுக்கோ ரெண்டாவதுக்கோ எறக்கி, 30ல பைய நுழைவேன். உள்ள போன பொறவு பிரேக்க தொடமாட்டேன். 50ல ஒரு செகண்டுல 14 மீட்டர் போயிரும் மக்ளே, யோசிக்கவே நேரம் கெடைக்காது.

புதுக்கடை_மக்கா:
மழைக்காலத்துல காத்த 24க்கு கொறச்சு வைங்க புரோ, டயர் அகலமா பதிஞ்சு நல்லா கிரிப் கெடைக்கும். நான் அப்படித்தான் ஓட்டுறேன்.

டயர்_வேலைக்காரன்:
மேல சொன்னத தயவுசெஞ்சு யாரும் செய்யாதீங்க. அது மணல்லயும் சேத்துலயும் ஓட்டுறவங்க செய்யிற காரியம். தார் ரோட்டுல தண்ணி நின்னா காத்து குறைஞ்ச டயர்தான் சீக்கிரம் மிதக்கும். விமான டயர சோதிச்சு கண்டுபிடிச்ச ஒரு பழைய கணக்கு உண்டு, பிஎஸ்ஐயோட வர்க்கமூலத்த 9ஆல பெருக்கினா டயர் மிதக்க ஆரம்பிக்கிற வேகம் நாட் (மணிக்கு இத்தன கடல் மைல்) கணக்குல வரும். அத மாத்திப் பாத்தா 33க்கு மணிக்கு 96 கிலோமீட்டர் கிட்ட, 24க்கு போட்டா 82 கிட்ட. பட்டன் தேஞ்சிருந்தா அதுக்கும் ரொம்ப கீழயே மிதந்துரும். டிரைவர் கதவத் திறந்தா ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற அளவுதான் மழைக்கும் வெயிலுக்கும்.

தக்கலை தம்பி, உங்களுக்கு நடந்தது மிதப்பு இல்ல, 50ல தூறல்ல அதுக்கு வாய்ப்பு கம்மி. நீங்க எழுதினதுல ஒரு வரிதான் எனக்கு உறுத்துது, முன்னால புதுசு பின்னால பழசு. பின் டயர் ரெண்டோட பக்கவாட்டுலயும் டாட்னு (DOT) எழுதி அதோட கடைசியில நாலு நம்பர் இருக்கும், பாத்து போடுங்க. முதல் ரெண்டு எத்தனாவது வாரம், அடுத்த ரெண்டு வருஷம்.

தக்கலை_தம்பி:
அண்ணே இப்பதான் டார்ச் அடிச்சு பாத்தேன். இடது பக்கம் 1715, வலது பக்கம் 3815. பட்டன் 3 மில்லி மேல இருக்கு, ஆனா பக்கவாட்டுல தலைமயிர் மாதிரி பொடிப்பொடியா கீறல் ஓடுது, இத்தன நாள் நான் கவனிச்சதே இல்ல. நகத்தால அமுக்கிப் பாத்தேன், முன் டயர்ல லேசா பதியுது, பின்னால கல்லு மாதிரி இருக்கு. டயர் கடையில ‘இஞ்சின் முன்னாலதான இழுக்குது, புதுச முன்னால போடுங்க’ன்னு அவங்களேதான் சொன்னாங்க.

டயர்_வேலைக்காரன்:
அந்தத் தப்பு நிறைய எடத்துல நடக்குது, கேட்கும்போது நியாயமாத்தான் இருக்கும். ரெண்டு டயர் மட்டும் மாத்தினா புதுசு பின்னாலதான் போகணும், இழுக்கிறது முன் சக்கரமா இருந்தாலும் சரி. முன்பக்கம் வழுக்கினா வண்டி திரும்பாம நேரா போகும், கால எடுத்தா வேகம் குறைஞ்சு மறுபடி பிடிச்சுக்கும், சாதாரண ஆளாலயும் சமாளிக்க முடியும். பின்பக்கம் வழுக்கினா வண்டி சுத்தும், அத தடுக்கிறது பழக்கப்பட்ட கைக்கே கஷ்டம். நீங்க வளைவுல கால சட்டுனு எடுத்து பிரேக்க தொட்டதும் வண்டியோட பாரம் முன்னால சாடியிருக்கும், புது டயர் ரெண்டும் ரோட்ட நல்லா பிடிச்சுக்கிச்சு, ஏற்கெனவே கல்லான பின் டயருக்கு பாரமும் குறைஞ்சிருச்சு, பாசி வேற. அப்பறம் சுத்தாம என்ன செய்யும்.

பட்டன் சட்டப்படி 1.6 மில்லி இருந்தா போதும், உங்களுக்கு அதுக்கு மேல இருக்கு, ஆனா ரப்பர் செத்துப் போச்சு. அஞ்சு வருஷம் தாண்டின டயர வருஷா வருஷம் கழட்டிப் பாக்கணும். 2015 டயர முன்னாலயும் போடாதீங்க, ஸ்டெப்னியாவும் வைக்காதீங்க. இப்ப இருக்கிற புதுச பின்னால தள்ளிட்டு முன்னால வேற ஜோடி வாங்குங்க, ஓடையில இறங்கின வண்டி, அலைன்மென்ட்டும் பாத்துருங்க.

கருங்கல்_டீச்சர்:
தம்பி, நீங்க என்ன செஞ்சிருக்கணும்னு கேட்டீங்க இல்ல, எனக்கு நடந்தத சொல்றேன். குளச்சல்ல இருந்து மீன் வண்டி போற ரோட்டுல ஐஸ் உருகின மீன் தண்ணி ஒழுகிட்டே போகும், எண்ணெய் மாதிரி வழுக்கும். நாலு வருஷம் முன்னால காலையில ஸ்கூலுக்குப் போகும்போது ஒரு திருப்பத்துல என் வண்டியும் உங்களுத மாதிரியே பின்னால நழுவுச்சு. நான் கரண்ட் போஸ்டயே பாத்துட்டு இருந்தேன், நேரா அதுல போய்தான் இடிச்சேன். பொறவு ஓட்டச் சொல்லித் தந்தவங்க சொன்னது, நாம எதப் பாக்கிறோமோ கை அங்கதான் திருப்பும், அதனால போக வேண்டிய ரோட்டப் பாக்கணும். பிரேக்ல இருந்து கால எடுக்கணும், பின்பக்கம் வலது பக்கம் போனா ஸ்டீயரிங்கும் வலது பக்கம், வண்டி நிமிரும்போதே பதறாம நேராக்கிரணும், இல்லன்னா மறுபக்கம் அடிச்சிரும். ஹேண்ட் பிரேக்க தொடவே கூடாது. உங்க வண்டியில ஏபிஎஸ் இல்ல, சவிட்டிப் பிடிச்சா சக்கரம் பூட்டிக்கும், பூட்டின சக்கரம் ஸ்டீயரிங் சொன்னா கேக்காது.

கை நடுங்குறது எனக்கும் ரெண்டு மாசம் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை காலையில ஒரு காலி கிரவுண்டுல எங்க வீட்டுக்காரர பக்கத்துல வச்சு சும்மா வட்டம் போட்டேன், அப்பறம் வெயில் நேரத்துல பக்கத்து ரோடு, அப்பறந்தான் மழை. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல தம்பி. அம்மாவ பின் சீட்டுல பெல்ட் போட வைங்க, எனக்கு அதுதான் மனசுல நிக்குது.

தக்கலை_தம்பி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. புது டயர் ரெண்டும் பின்னால போயாச்சு, முன்னால வேற ஜோடி போட்டேன், போடுறதுக்கு முன்னால நம்பர நானே குனிஞ்சு பாத்துதான் வாங்கினேன். அலைன்மென்ட் நல்லாவே விலகியிருந்துச்சு. மூணு ஞாயிறு தம்பிய வச்சு கிரவுண்டுல ஓட்டினேன் டீச்சர். நேத்து அம்மை பெல்ட் போட்டுட்டு பின்னால இருந்தா, பேச்சிப்பாறைக்கு போயிட்டு வந்தோம், லேசா மழை இருந்துச்சு, அந்த வளைவுல ரெண்டாவது கியர், 25. மரத்துல பட்டை கொஞ்சம் உரிஞ்சிருக்கு, வேற பிளாஸ்டிக் கட்டி புது சிரட்டை வச்சிருக்காங்க.