ஊட்டியில் பெட் ஷாப் பயிற்சி: பார்த்ததும் கேட்டதும்

கேத்திப் பையன்

மகளைப் பள்ளிப் பயிற்சிக்கு ஒரு பெட் ஷாப்பில் சேர்க்கலாமா என்று ஒருவர் இங்கே கேட்டிருந்தார். நான் பிளஸ் ஒன் படிக்கும்போது அதே வேலைக்குப் போனவன், அதனால் எழுதுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பள்ளியில் அரையாண்டு விடுமுறையில் ஏதாவது ஒரு கடையிலோ ஆபீஸிலோ வேலை பழகி அறிக்கை எழுதித் தரச் சொன்னார்கள். வகுப்பில் பாதிப் பேர் சாக்லேட் கடை, மீதிப் பேர் சொந்தக்கார மாமா யாராவது இருக்கும் பேங்க். நான் பெட் ஷாப் என்றதும் பயாலஜி மிஸ் மட்டும் சந்தோஷப்பட்டார். நாய்க்குட்டியோடு விளையாடிக்கொண்டே மார்க் வாங்கிவிடலாம் என்பது என் கணக்கு. போய்ப் பார்த்தால் கடையில் நாய்க்குட்டியே இல்லை. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2018-இல் வந்த பெட் ஷாப் விதிகளில் இருக்கிறது, ஆனால் வருகிறவர்கள் எல்லாம் "இன்னும் சின்னதா இல்லையா" என்றுதான் கேட்கிறார்கள், நமக்கு எதற்கு வம்பு என்று கடைக்கார அண்ணன் அந்த வியாபாரத்தையே விட்டுவிட்டாராம். இருந்ததெல்லாம் பட்ஜி என்ற குட்டிக் கிளி, காக்டெயில் என்ற கொண்டைக் கிளி, எலி மாதிரி இருக்கும் ஹாம்ஸ்டர், ஒரு சுவர் முழுக்க மீன் தொட்டி. மற்றபடி தீவன மூட்டை, பெல்ட், சங்கிலி, பூனை மணல்.

காலையில் கடை திறந்ததும் முதல் வேலை தெர்மாமீட்டர் பார்ப்பது. டிசம்பர் கடைசியில் ஊட்டி எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், காந்தல், தலைகுந்தா பக்கம் விடிகாலையில் புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கும். கடைக்குள்ளும் அதில் பாதிக் குளிர் உண்டு. கப்பி, ஏஞ்சல், ஃபைட்டர் மீனெல்லாம் 24 டிகிரிக்குக் குறையாமல் கேட்கிற சாதி. லிட்டருக்கு ஒரு வாட் ஹீட்டர் போதும் என்று பெட்டியில் போட்டிருக்கும், அது சென்னைக்குச் சரி. இங்கே அண்ணன் ஏறக்குறைய இரண்டு மடங்கு போட்டு, தொட்டிக்குப் பின்னாலும் அடியிலும் தெர்மகோல் ஒட்டி, மேலே கண்ணாடி மூடியும் போட்டிருந்தார். ஃபைட்டர்களை ஒன்றாக விட முடியாது, அடித்துக்கொள்ளும். தனித்தனி பாட்டிலில் வைத்தால் பாட்டிலுக்கொரு ஹீட்டருக்கு எங்கே போவது? அதனால் ஒரு பெரிய தொட்டியில் பாதித் தண்ணீர் விட்டு அதற்குள் ஹீட்டரைப் போட்டு, பாட்டில்களை வரிசையாக அதில் இறக்கி வைத்திருப்பார். வெளித் தண்ணீரின் சூட்டில் பாட்டில் தண்ணீரும் சூடாகவே இருக்கும். கோல்டு ஃபிஷ்ஷுக்கு மட்டும் இந்த ராஜ மரியாதை எதுவும் கிடையாது, அது குளிர் தாங்கும். புதிதாக வளர்க்க வருகிறவர்களிடம் அதைத்தான் காட்டுவார். ஆனால் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் விட வேண்டும் என்றால் அதுவும் தரமாட்டார், அது கழிக்கும் கழிவுக்குக் கிண்ணம் பத்தாது.

தண்ணீர் மாற்றுவது அடுத்த வேலை. ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தண்ணீரை இறக்க வேண்டும், இல்லையென்றால் வெளியே தெரியும் ஹீட்டர் காய்ந்து சூடேறி, புதுத் தண்ணீர் பட்டதும் விரிசல் விடும். குழாய்த் தண்ணீரில் குளோரின் போக மருந்து சொட்டுவிட்டு, கெட்டிலில் காய்ச்சிய வெந்நீரைக் கலந்து, தொட்டிச் சூடும் வாளிச் சூடும் ஒன்றான பிறகுதான் ஊற்ற வேண்டும். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவவே கூடாது, தொட்டியிலிருந்து எடுத்த அழுக்குத் தண்ணீரிலேயே பிழிய வேண்டும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, அதை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கிறது, குளோரின் பட்டால் செத்துவிடும். பாடப் புத்தகத்தில் நைட்ரஜன் சுழற்சியை நான்கு மார்க் கேள்வியாக மட்டும் படித்தவன் நான்.

தண்ணீர் சட்டென்று குளிர்ந்தால் மீன் உடம்பில் வெள்ளைப் புள்ளி வந்துவிடும். குளிர் காலத்தில் கடைக்கு வரும் பாதிக் கேள்வி இதுதான். மருந்து மட்டும் வாங்கிப் போனால் வேலைக்கு ஆகாது. புள்ளிக்குக் காரணமான ஒட்டுண்ணி தோலுக்கடியில் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது, உதிர்ந்து தண்ணீரில் நீந்தும்போதுதான் சாகும். தண்ணீரைச் சூடாக்கினால் சீக்கிரம் உதிரும், அதனால் முதலில் ஹீட்டர், அப்புறம் மருந்து. இதைச் சொன்னால் "ஹீட்டர் விக்கிறதுக்காக சொல்றீங்க" என்பார்கள்.

சரக்கு சென்னை கொளத்தூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வரும், தெர்மகோல் பெட்டிக்குள் ஆக்சிஜன் அடித்த கவர். மலை ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்திருப்பீர்கள், அதேபோல் இந்தக் கவர்களும் மேலே வந்து சேரும்போது வெடிக்கிற மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். பிரிக்காமல் தொட்டியில் மிதக்கவிட்டு, கால் மணி நேரம் கழித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைக் கவருக்குள் கலந்து, அப்புறம்தான் மீனை விட வேண்டும். கடையிலிருந்து வெளியே போகும் மீனுக்கோ கவர் கிடையாது, நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் கவருக்குத் தடை. போனில் கேட்கிறவர்களிடம் தூக்குவாளி கொண்டு வாருங்கள் என்று சொல்வது என் பொறுப்பு. ஒரு பாட்டி ரசம் வைக்கும் தூக்கையே கொண்டு வந்திருந்தார், சோப்பு வாசனை போகும்வரை நான் மூன்று தண்ணீர் விட்டு அலசினேன்.

அண்ணன் யார் வந்தாலும் விலை சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார்: "ராத்திரி எங்க வைப்பீங்க?" முதலில் எனக்கு அது சும்மா பேச்சுக் கொடுப்பதாகத்தான் தோன்றியது. அப்புறம்தான் புரிந்தது, அதுதான் அவருடைய மொத்த வியாபாரமும். பால்கனி என்றால் பட்ஜி கிடையாது. வெளியூர்க்காரர் லாட்ஜ் ரூம் என்றால் மீன் கிடையாது, தொட்டபெட்டா, படகு இல்லம் எல்லாம் சுற்றிவிட்டு கார் டிக்கியில் போட்டு இறக்கத்தில் கொண்டு போவார்கள் என்று அவருக்குத் தெரியும். கோபித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. வாசலிலேயே கடையைப் பற்றி ஸ்டார் குறைத்துப் போட்டவரையும் பார்த்தேன். பச்சைக்கிளி கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் அந்தக் கேள்வியே கிடையாது. நம் ஊர்க் கிளியை வளர்ப்பதும் விற்பதும் 1972 வன உயிரினச் சட்டப்படி குற்றம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். "எங்க தாத்தா வளர்த்தாரே" என்று அதற்கும் ஒரு பதில் வரும்.

ஹாம்ஸ்டர் கதையைச் சொல்லாமல் விட முடியாது. ஒருநாள் காலை, கடை திறந்து ஷட்டரை முழுதாகக்கூடத் தூக்கவில்லை, லவ்டேல் பக்கத்திலிருந்து ஒரு அப்பாவும் நான்காவது ஐந்தாவது படிக்கும் பாப்பாவும் ஒரு செருப்புப் பெட்டியோடு நின்றார்கள். வாங்கின ஹாம்ஸ்டர் செத்துப்போச்சு, நோய்ப் பிராணியைக் கொடுத்துவிட்டீர்கள் என்று அவர் சத்தம். பாப்பா பேசவே இல்லை. பெட்டியில் அது உருண்டையாகச் சுருண்டு, தொட்டால் கல் மாதிரி ஜில்லென்று இருந்தது. அண்ணன் வாயைத் திறக்காமல் அதைக் கையில் எடுத்து, அதன் மீசை மயிருக்குப் பக்கத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார், ரொம்ப நேரம் கழித்து விலா கொஞ்சம் ஏறி இறங்கியது. குளிர் அதிகமானால் ஹாம்ஸ்டர் மூச்சையும் நாடியையும் குறைத்துக்கொண்டு அப்படிக் கிடக்குமாம், செத்ததென்று புதைத்தவர்களும் உண்டு என்றார். வெந்நீரில் போட்டுவிடாதே, ஹீட்டர் முன்னால் நீட்டாதே என்று என்னிடம் சொல்லிவிட்டு, துண்டில் சுற்றி என் ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னார். நான் அப்படியே பட்ஜிக்குத் தினை போட்டேன், தரை கூட்டினேன். அரை மணிக்கும் மேல் ஆனபோது நெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு நடுக்கம், அப்புறம் கால் உதைக்கிறது. வெளியே எடுத்ததும் குடித்துவிட்டு வந்தவன் மாதிரித் தள்ளாடிக்கொண்டு மேஜை மேல் நடந்தது. ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீர் நக்கியது. அந்த அப்பா சத்தத்தைக் குறைத்துக்கொண்டு "டிரான்ஸ்ஃபார்மர் போயி ராத்திரி பூரா கரண்ட் இல்ல" என்றார். பாப்பா அப்போதும் பேசவில்லை, பெட்டியை மட்டும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டது. போகும்போது கனமான படுக்கைத் தூளும் கிழிக்கிற காகிதமும் இலவசமாகக் கொடுத்து அனுப்பினார் அண்ணன். எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பட்டது, சத்தம் போட்டவர் அவர்தானே.

பெட்போர்டு அக்கா

தம்பி, நன்றாக எழுதியிருக்கிறாய். நான் குன்னூரில் காலாண்டு விடுமுறையில் இதே மாதிரி ஒரு கடையில் நின்றிருக்கிறேன், கொஞ்ச வருஷம் ஆகிவிட்டது. எங்களுக்குக் குளிரைவிட மழைதான் தலைவலி. மரம் விழுந்து கரண்ட் போனால் ஏர் பம்ப் நின்றுவிடும், மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கும். மக்கில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து அதே தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், காற்று கலப்பதற்கு. ஒவ்வொரு தொட்டியாக மாறி மாறி ஊற்றி ராத்திரி தோளைத் தூக்க முடியாது.

சேர்க்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பெல்ட் அளவு பார்க்கக் கொண்டு வந்த ஒரு குட்டி என் விரலைக் கடித்துவிட்டது. லேசாகத்தான், ஆனால் ரத்தம் வந்தது. குட்டிதானே, வீட்டு நாய்தானே என்று கொண்டு வந்தவர் சிரிக்கிறார். கடைக்கார அம்மா அவரை விட்டுவிட்டு என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போய், சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கையைப் பிடித்தார், நான் கதறக் கதற. மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கவிடவில்லை. அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி, அன்றைக்கே முதல் ஊசி. "வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்யறதுக்குன்னு 1907-ல ஆரம்பிச்ச பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இருக்கிற ஊர்ல இருந்துக்கிட்டு நீ ஊசிக்குப் பயந்தா ஊரே சிரிக்கும்" என்று வழியெல்லாம் திட்டு. மகளை அனுப்புகிறவர்கள் டெட்டனஸ் ஊசி போட்டாச்சா என்று பார்த்துவிடுங்கள், கடித்தாலோ பிறாண்டினாலோ மறைக்காமல் வீட்டில் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைகள் திட்டு விழும் என்று மறைத்துவிடும்.

கொடைக்கானல்காரன்

பழனி மலைப் பக்கத்திலிருந்து ஒன்று. என் தம்பி சீசன் நேரத்தில் இங்கே ஒரு கடையில் உதவிக்கு நின்றான். ஒரு குடும்பம் பீகிள் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது, ஹோம்மேட் சாக்லேட் டப்பாவைக் காரில் விட்டுவிட்டு ஏரியைச் சுற்றப் போயிருக்கிறார்கள், வந்து பார்த்தால் டப்பா காலி. வாந்திக்கு ஏதாவது மருந்து கொடுங்கள், இல்லை உப்புத் தண்ணீர் ஊற்றட்டுமா என்று கேட்கிறார்கள். கடைக்காரர் இரண்டுக்கும் மாட்டேன் என்றுவிட்டார், உப்புத் தண்ணீர் நாய்க்குத் தனி ஆபத்து. ஆனால் சும்மா அனுப்பவில்லை. நாயைத் தராசில் நிறுத்தி எடையை எழுதி, டார்க்கா மில்க்கா, எவ்வளவு இருந்தது, எத்தனை மணிக்கு என்று தம்பியை விட்டுக் கேட்டு எழுத வைத்து, டப்பாவையும் கையில் கொடுத்து கால்நடை மருத்துவமனைக்கு அனுப்பினார். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமினை நாய் உடம்பு சீக்கிரம் வெளியேற்றாது, டார்க்கில் அது அதிகம். திராட்சை போட்ட சாக்லேட் என்றால் அந்தத் திராட்சை கிட்னிக்குக் கெடுதல். டாக்டர் முதலில் கேட்டதே அந்தச் சீட்டில் இருந்ததைத்தானாம். நாய் பிழைத்துவிட்டது, மறுநாள் ஊருக்குப் போகும் வழியில் வந்து காட்டிவிட்டுப் போனார்கள்.

கட்டபெட்டு

ராத்திரி எங்கே வைப்பீங்க என்ற கேள்வி எங்கள் பக்கம் நாய்க்குத்தான் பொருந்தும். ஆணி வைத்த பெல்ட் இருக்கிறதா, சிறுத்தை கழுத்தைக் கவ்வாதாமே என்று கேட்டு வருவார்கள். தோல் பெல்ட்டில் பளபளவென்று பதித்திருக்கும் அந்தத் தகரக் குமிழ் சிறுத்தையை என்ன செய்யும்? வாசலில் கட்டிப் போட்டால் எந்த பெல்ட்டும் நிற்காது, இருட்டுவதற்கு முன்னால் உள்ளே விட்டுக் கதவைச் சாத்த வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஹட்டியில், அதாவது எங்கள் கிராமத்தில், போன வருஷம் சிறுத்தை கொண்டுபோன நாய்கள் எல்லாம் திண்ணையில் கட்டியிருந்தவை.

கேத்திப் பையன்

அக்கா, அண்ணன்மாருக்கு நன்றி. இன்பாக்ஸில் இரண்டு பேர் கேட்டதற்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். சம்பளம் கிடையாது, மதியச் சாப்பாடும் டீ வர்க்கியும் கடையில். பட்ஜி ஆணா பெண்ணா என்று அலகுக்கு மேலே உள்ள சதையைப் பார்த்துச் சொல்லலாம், பெரும்பாலும் வளர்ந்த ஆணுக்கு நீலம், பெண்ணுக்குப் பழுப்பு. குஞ்சில் அவ்வளவு நிச்சயமாகத் தெரியாது. கூண்டில் தொங்கவிடக் கடைகளில் விற்கிற வெள்ளை ஓடும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல் நுரையும் ஒன்றுதான், உப்புப் போக ஊறவைத்துக் காயவைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தங்கை போவதாக இருந்தால் கையை முழங்கை வரை மடிக்கிற மாதிரி ஸ்வெட்டர் போட்டுப் போகட்டும், நாள் முழுக்கத் தண்ணீரில் கை இருக்கும், ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவாவிட்டால் வெடித்துவிடும். தூசி ஒத்துக்கொள்ளாதவர்கள் பறவைக் கூண்டு சுத்தம் செய்யும்போது மாஸ்க் போட வேண்டும், காக்டெயில் இறகிலிருந்து மாவு மாதிரி கொட்டும். பள்ளியில் கேட்கும் சான்றிதழில் கடை முத்திரை இல்லாவிட்டால் திருப்பி அனுப்புகிறார்கள், அதனால் முத்திரை இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் அண்ணனிடம் இல்லை, எனக்காக மார்க்கெட்டில் போய்ச் செய்து வாங்கி வந்தார்.