ஆன்ஸ்டார் சந்தா தேவையா?

கேள்வி: டெக்சாஸில் பழைய செவர்லே ஒன்று வாங்கினோம். மனைவி இரவு ஷிப்ட் முடிந்து தனியாக ஓட்டி வருவார். காரிலேயே வரும் அவசர உதவிச் சேவையான ஆன்ஸ்டாருக்கு மாதாமாதம் கட்டலாமா?

பதில் 1: கட்டுங்கள். ஏர்பேக் விரிந்ததும் காரே கால் சென்டரை அழைக்கும், உள்ளே இருப்பவர் பேச முடியாவிட்டாலும் இடம் தெரிந்து அவசர எண் 911-க்குச் சொல்லிவிடுவார்கள். ஆனால் மாடல் வருடத்தை முதலில் பாருங்க, 2022-இல் 3ஜி நெட்வொர்க்கை மூடியதும் பழைய மோடம் உள்ள பல கார்களில் சேவையே நின்றுபோனது.

பதில் 2: பிரைவசி செட்டிங்கையும் பாருங்கள். சடன் பிரேக், வேகம் பற்றிய தகவல் எல்லாம் சம்மதமில்லாமல் விற்கப்பட்டதாக 2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையமே செவர்லே தயாரிக்கும் ஜிஎம் மீது குற்றம்சாட்டியது.

பதில் 3: உயிர் காக்கும் அழைப்புக்குக் காசு கேட்பதே அநியாயம். ஐரோப்பாவில் 2018-லிருந்து புது மாடல்களில் விபத்தானால் தானாக அழைக்கும் இகால் கட்டாயம், சந்தா இல்லாமல் நேராக அங்குள்ள அவசர எண் 112-க்குப் போகும்.