பதில்: எலிமெண்ட்டுக்குத் ‘தனிமம்’ வேண்டாமே

வணக்கம்.

> பார்ட் = பாகம், எலிமெண்ட் = தனிமம். இத்தோடு மொழிபெயர்ப்புக் கோப்பை முடித்துவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். நம் கருவி லெகோ பொம்மைக் கட்டைகளைக் கணக்கு வைப்பது. லெகோவில் 3001 என்பது இரண்டுக்கு நான்கு குமிழ் கொண்ட கட்டையின் எண். அந்த எண்ணில் நிறம் கிடையாது. அதே கட்டை சிவப்பில் வந்தால் 300121, கறுப்பில் வந்தால் 300126. முதலாவது பார்ட், மற்ற இரண்டும் எலிமெண்ட்.

கருவி செய்வதோ சின்ன வேலை. முனையத்தில் (கட்டளை தட்டும் திரையில்) ‘சேர் 3001 சிவப்பு 12’ என்று தட்டினால் சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பில் ஒரு வரி கூடும். சொல் இடறுவது பிழைச் செய்தியில்தான். அந்த எண்ணில் கட்டையே இல்லையா, அல்லது கட்டை உண்டு, கேட்ட நிறத்தில்தான் இல்லையா? இரண்டுக்கும் ‘பாகம் கிடைக்கவில்லை’ என்றால் பயனர் எதைத் திருத்துவார்?

தனிமம் என்றதும் ஆக்சிஜனும் இரும்பும்தான் நினைவுக்கு வரும். ‘உறுப்பு’ என்றால், அது கணிதத்தில் கணத்தோடு ஒட்டிக்கொண்டது. பார்ட்டுக்கு ‘அச்சு’ என்று ஒருவர் சொல்லியிருந்தார். முறுக்கு அச்சு மாதிரி பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் லெகோவின் டெக்னிக் வகையில் சக்கரம் மாட்டும் தண்டும் அச்சுதானே! ‘வார்ப்பு’ என்றால் விக்கிப்பீடியாவின் வார்ப்புரு (டெம்ப்ளேட்) குறுக்கே வரும்.

என் பரிந்துரை: பார்ட்டுக்கு ‘வடிவம்’, எலிமெண்ட்டுக்கு ‘உருப்படி’. சலவைக்குப் போடும் துணியை உருப்படிக் கணக்கில்தானே எண்ணுகிறோம்? கையில் எடுத்து எண்ணக்கூடியது உருப்படி. ‘3001 வடிவம் உண்டு, இந்த நிறத்தில் உருப்படி இல்லை’ என்றால் யாருக்கும் புரியும். மெனு உருப்படியோடு மோதாதா என்றால், இந்தக் கருவிக்கு மெனுவே கிடையாது.

ஒரே பெட்டியில் வரும் கட்டைத் தொகுப்பான செட், செட்டாகவே இருக்கட்டும். நகை செட் என்கிறோம், பாத்திர செட் என்கிறோம், இதில் என்ன தயக்கம்?

நிறத்தை எண்ணால் கேட்க வேண்டாம். லெகோ பாகங்களைப் பட்டியலிடும் இணையதளங்களில் எண் தளத்துக்குத் தளம் மாறும்: ரீபிரிக்கபிளில் சிவப்பு 4, பிரிக்லிங்கில் 5. பெயரே போதும்.

அப்புறம் இன்வென்டரி. ஆங்கிலத்தில் செட்டில் இருக்க வேண்டியதற்கும் வீட்டில் இருப்பதற்கும் இந்த ஒரே சொல்தான். நமக்கு முன்னது ‘பட்டியல்’, பின்னது ‘இருப்பு’. பட்டியலில் இருந்து இருப்பில் இல்லாததைக் காட்டும் கட்டளைக்கு ‘குறை’ என்று வைத்திருக்கிறீர்கள். ‘சேர்’ பக்கத்தில் ‘குறை’ நின்றால் இருப்பைக் கழிக்கும் கட்டளை என்றுதான் தட்டுவார்கள். ‘பாக்கி’ என்று மாற்றலாமா?